பாறைக்கு ஒரு சோறு பதமாகாது

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் தேக்கா பக்கம் போனால் யாராவது ஒருவர் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டுவது வழக்கமாகிவிட்டது. "அண்ணே, நீங்கதான் பாறை வேலை பாக்குறீங்களே, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க." திரையில் ஏதோ ஒரு சின்னத் தங்கக் கம்பெனியின் அறிவிப்பு. எங்கோ பாலைவனத்திலோ காட்டிலோ துளை போட்டிருக்கிறார்கள். 183 மீட்டர் ஆழத்திலிருந்து 12 மீட்டருக்கு, டன்னுக்கு 5 கிராம் தங்கம். கூடவே சிவப்பும் நீலமுமாகக் கண்ணைப் பறிக்கும் ஒரு வரைபடம். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியிருப்பார்கள். வாங்கலாமா?

வாங்குங்கள் என்றும் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை. பங்கு விலை எனக்குப் பிடிபடாத சங்கதி. ஆனால் அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் என்ன நடந்திருக்கும் என்பது ஓரளவு தெரியும். மேற்கு ஆஸ்திரேலியாவில் கல்கூர்லிக்குப் பக்கத்தில் சில வருஷம் கனிமத் தேடல் வேலை பார்த்தேன். அப்புறம் குடும்பம், பிள்ளைகள் படிப்பு என்று சிங்கப்பூரில் வந்து ஒட்டிக்கொண்டேன். இங்கே நான் தங்கம் தேடுவதில்லை. கட்டடத்துக்கும் சுரங்கப்பாதைக்கும் மண்ணையும் பாறையையும் பார்த்துச் சொல்கிற வேலை. தேடுவது வேறு என்றாலும் துளை போடும் ரிக் ஏறத்தாழ அதே ரிக், எடுத்த பாறையை அடுக்கி வைக்கும் பெட்டி அதே பெட்டி.

முதலில் அந்த 5 கிராமைப் பார்ப்போம். ஒரு பவுன் 8 கிராம். ஒரு துளிகூட வீணாகாமல் எடுத்தாலும் ஒரு பவுனுக்கு 1,600 கிலோ பாறையை உடைத்து மாவாக அரைக்க வேண்டும். சிராங்கூன் சாலைக் கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்குகிற ஓர் ஆரத்துக்கு எத்தனை லாரிக் கல் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இது மட்டமான பாறை என்று நினைத்துவிடவும் வேண்டாம். பல பெரிய திறந்தவெளிச் சுரங்கங்கள் டன்னுக்கு 1 கிராம், 2 கிராம் என்றே ஓடுகின்றன. 5 கிராம் உள்ள பாறையை உங்கள் கையில் கொடுத்தால் பெரும்பாலும் அதில் தங்கத்தைப் பார்க்கவே முடியாது. சாம்பல் நிறக் கல்லாகத்தான் இருக்கும்.

கண்ணுக்கே தெரியாததைப் பூமிக்கு மேலே நின்று கருவி எப்படிக் காட்டும்? காட்டாது. மண்ணுக்குள் ஒரு முழம் ஆழத்தில் கிடக்கும் தங்கக் கட்டியை மெட்டல் டிடெக்டர் காட்டிக்கொடுக்கும், அது வேறு கதை. நூறு, இருநூறு மீட்டர் ஆழத்தில் பாறைக்குள் கரைந்த மாதிரி கிடக்கும் தங்கத்தைக் காட்டும் புவி இயற்பியல் கருவி எதுவும் கிடையாது. அந்தக் கருவிகள் பார்ப்பதெல்லாம் வித்தியாசத்தை. பக்கத்துப் பாறையைவிடக் காந்தம் கூடுதலா, எடை கூடுதலா, மின்சாரம் எளிதாகப் பாய்கிறதா என்பதை மட்டும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, மின்சாரத்தைச் செலுத்திவிட்டுச் சட்டென்று நிறுத்திப் பார்க்கும் முறை. தரையில் கம்பிகளை ஊன்றி மின்சாரத்தை அனுப்பி, பிறகு நிறுத்துவார்கள். சாதாரணப் பாறையில் மின்னழுத்தம் அப்போதே விழுந்துவிடும். பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) மாதிரியான சல்ஃபைடு துகள்கள் தூவிக் கிடக்கும் பாறையில் அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். பைரைட் இருக்கும் இடத்தில் பல சமயம் தங்கமும் இருக்கும் என்பதால் அங்கே ஒரு குறி போடலாம். ஆனால் கிராஃபைட்டும் இதே வேலையைச் செய்யும். கிராஃபைட் படலத்தைத் தாதுப் படிவு என்று நினைத்துத் துளை போட்டுவிட்டு, பெட்டியில் கையெல்லாம் கரியாகும் பாறையைப் பார்த்து நிற்காத தேடல் கம்பெனி உலகத்தில் இருக்குமா என்பது சந்தேகமே.

காந்த அளவீட்டில் ஊரைப் பொறுத்துப் படமே மாறும். கனடா மாதிரி வடக்கே உள்ள நாட்டில் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குகிறது. காந்தம் உள்ள பாறைக்கு நேர்மேலே நின்றால் எண் ஏறும். நம் பக்கம் அப்படி இல்லை. காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்முனையை ஒட்டி ஓடுகிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததற்கே அதுதான் காரணம். சிங்கப்பூர் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் தெற்கே. இந்த வட்டாரத்தில் புலம் படுத்த வாக்கில் இருப்பதால், காந்தப் பாறைக்கு நேர்மேலே எண் ஏறுவதற்குப் பதிலாக இறங்கும். எண் ஏறிய சிவப்பு மேடுதான் புதையல் என்று பாடப்புத்தகக் கனடாப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு போர்னியோ வரைபடத்தைப் படித்தால் துளை தப்பான இடத்தில் விழும். இதைக் கணக்கால் திருத்தி, மேட்டைச் சரியான இடத்துக்கு நகர்த்தும் வழி உண்டு. ஆனால் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் அந்தத் திருத்தமே தகராறு செய்யும்.

அந்த வண்ணங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிவப்பு எங்கே தொடங்க வேண்டும் என்று தீர்மானிப்பது பூமி இல்லை, கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆள். ஒரே அளவீட்டை வைத்துச் சாதுவான படமும் போடலாம், தீப்பிடித்த மாதிரிப் படமும் போடலாம். முதலீட்டாளர் கையில் வந்து சேருவது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் இந்தக் கருவிகளே தண்டம்தானா என்று கேட்பவர்கள் உண்டு. அப்படியும் இல்லை. தெற்கு ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் டேமை எடுத்துக்கொள்ளுங்கள். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கை ஒட்டி அந்தப் பெயர் வைக்கப்பட்ட, ஆடுமாடு தண்ணீர் குடிக்கும் குட்டை அது. சுற்றிலும் தட்டையான வறண்ட நிலம். மேலே தாதுவின் அடையாளம் ஒரு கல்லில்கூடக் கிடையாது. ஏனென்றால் தாது இருப்பது 350 மீட்டர் மலட்டுப் பாறைக்குக் கீழே. வெஸ்டர்ன் மைனிங் என்ற கம்பெனியின் ஆட்கள் ஈர்ப்பு அளவீட்டிலும் காந்த அளவீட்டிலும் ஒரே இடத்தில் மேடு தெரிவதைக் கவனித்தார்கள். பழைய எரிமலைப் பாறையிலிருந்து செம்பு கரைந்து வந்து பக்கத்துப் படிவுகளில் சேர்ந்திருக்கும் என்பது அவர்கள் வைத்திருந்த கணிப்பு. அந்த மேடுகள் அத்தகைய எரிமலைப் பாறையைக் காட்டுவதாக எண்ணி 1975இல் முதல் துளையைப் போட்டார்கள். 38 மீட்டருக்கு ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டிய செம்பு கிடைத்தது. சந்தோஷம்தான், ஆனால் 350 மீட்டர் ஆழத்தில் அது போதாது. அடுத்து வந்த பல துளைகள் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 1976இல் பத்தாவது துளையில் 170 மீட்டருக்கு 2 சதவீதத்துக்கு மேல் செம்பு வந்தது. கூடவே யுரேனியம், தங்கம். இன்று அது உலகத்தின் மிகப் பெரிய தாதுப் படிவுகளில் ஒன்று.

இதில் வேடிக்கை என்னவென்றால் அவர்களுடைய கணிப்பு தப்பு. அங்கே இருந்தது கிரானைட் நொறுங்கி இரும்புத் தாதுவோடு பிசைந்து கிடந்த பாறை. ஈர்ப்பு மேட்டைத் தந்தது அந்தக் கனமான இரும்புத் தாது. காந்த மேட்டுக்குக் காரணம் அதற்கும் கீழே எங்கோ இருக்கும் வேறு சரக்கு. தப்பான காரணத்துக்காகச் சரியான இடத்தில் துளை போட்டார்கள். கருவி சொன்னது "இங்கே ஏதோ வேறுபடுகிறது" என்பதை மட்டும்தான். அதை நம்பி, வெறுங்கையோடு திரும்பிய துளைகளுக்குப் பிறகும் பத்தாவதுக்குப் பணம் ஒதுக்கியவரைத்தான் நான் மெச்சுவேன்.

சிங்கப்பூரில் நிலைமை தலைகீழ். இங்கே துளை போட இடம் கிடைப்பதுதான் கஷ்டம். நகருக்குள் காந்தமானியைத் தூக்கிக்கொண்டு நடந்தால் விளக்குக் கம்பமும் கான்கிரீட் கம்பியும் மின்கேபிளும்தான் பதிவாகும். பாறை சொல்வது எதுவும் காதில் விழாது. (இரும்பையே தேடுகிறோம் என்றால் அது நல்ல கருவிதான். 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமாவில் ஒரு கட்டுமானத் தளத்தில் 100 கிலோ எடையுள்ள இரண்டாம் உலகப் போர்க் குண்டு அகப்பட்டு, 4,000 பேருக்கு மேல் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டது நினைவிருக்கும். அந்த மாதிரிப் புதையலைத் தேடக் காந்தமானிதான் வேண்டும்.) அதனால் நாங்கள் பெரும்பாலும் தரையில் அதிர்வை உண்டாக்கி, அது பயணம் செய்யும் வேகத்தை அளக்கிறோம். அல்லது மின்தடையை அளக்கிறோம்.

குறுக்குத் தீவு ரயில் பாதை விவகாரத்தில் இது பொதுமக்கள் பேச்சுக்கே வந்தது. மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதியின் இயற்கை வனத்துக்குக் கீழே சுரங்கம் போகலாமா என்று பார்க்க வேண்டும், ஆனால் துளை போடும் இயந்திரத்தைக் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனால் காடு என்ன ஆவது? 72 துளைகள் என்றிருந்த திட்டத்தை 16 ஆகக் குறைத்து, அதையும் ஏற்கெனவே இருக்கும் நடைபாதைகளிலும் வெட்டவெளிகளிலும் மட்டும் போடுவது, மீதியைப் புவி இயற்பியல் அளவீட்டால் ஈடுகட்டுவது என்று 2016இல் முடிவானது. நான் அந்த வேலையில் இல்லை. ஆனால் எங்கள் வட்டாரத்தில் அன்றைக்கு ஓடிய பேச்சு அதுதான்: 56 துளைகளுக்குப் பதில் அதிர்வலை போதுமா? காட்டுக்காகப் பேசியவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. பொறியாளர்களின் கவலையிலும் நியாயம் இருந்தது. கடைசியில் 2019 டிசம்பரில் வனத்துக்கு நேர்க்கீழே, சுமார் 70 மீட்டர் ஆழத்தில் போவது என்று அரசாங்கம் முடிவெடுத்தது.

அந்தக் கவலை ஏன் என்றால், புக்கிட் தீமா கிரானைட் அப்படிப்பட்ட ஆசாமி. மேலே இருபது முப்பது மீட்டர் செம்மண்ணாக மக்கிப்போயிருக்கும். நடுவில் மக்காத உருண்டைப் பாறைகள் மிதந்துகொண்டிருக்கும். துளை ஒரு பாறையில் மோதியதும் "அடிப்பாறை வந்துவிட்டது" என்று எழுதிவிட்டு மூட்டை கட்டினால் தீர்ந்தது. அதற்குக் கீழே மறுபடியும் மண் இருக்கலாம். இரண்டு கெட்டானாகப் பாதி மண், பாதி பாறை என்றிருக்கும் முகப்புதான் சுரங்கம் தோண்டும் இயந்திரத்துக்கு எமன். அதனால் கல்லில் மோதிய பிறகும் சில மீட்டர் உள்ளே போய்ப் பார்க்காமல் நிறுத்தக் கூடாது.

உள்ளே போவதற்குத்தான் வைர பிட். 1860களில் ஜெனீவாவைச் சேர்ந்த கடிகாரப் பொறியாளர் ஜார்ஜ் ஓகுஸ்த் லெஷோ கண்டுபிடித்த யோசனை இன்னும் மாறவில்லை. குழாயின் விளிம்பில் வைரத்தைப் பதித்துச் சுழற்றினால் பாறை வட்டமாக அறுபட்டு, நடுவில் உருளை போலக் கல் மிஞ்சும். அதைத்தான் கோர் என்கிறோம். இப்போது பயன்படுவது செயற்கை வைரப் பொடி. உலோகத்தோடு கலந்து வார்த்திருப்பார்கள். மேல் உலோகம் தேயத் தேயப் புது வைரம் தலைகாட்டும். சொரசொரப்பில்லாத கடினப் பாறையில் உலோகம் தேயாமல் பிட் வழவழப்பாகிவிடும், வெட்டாது. கடினப் பாறைக்கு மெத்தென்ற உலோகம், சொரசொரப்பான பாறைக்கு இறுகிய உலோகம் என்று பிட்டைத் தேர்ந்தெடுப்பது அனுபவம்.

எங்கள் டிரில்லர் அண்ணன் புதுக்கோட்டைக்காரர். சிங்கப்பூருக்கு வருமுன் திருச்செங்கோட்டு போர்வெல் லாரியில் ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று சுற்றியவர். அந்த ரிக்கில் சுத்தியல் அடித்துப் பாறையைத் தூளாக்கி, காற்றழுத்தத்தில் தூளை மேலே ஊதித் தள்ளும். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான அடி போய்விடும். இங்கே வந்து, ஒரு நாள் முழுக்கக் குனிந்து நின்று சில மீட்டர் கோர் எடுப்பது அவருக்கு ஆரம்பத்தில் பெரிய சலிப்பு. இப்போது அவரைப் போல் கை யாருக்கும் வராது. ராடு சுழலும்போது லீவர்மேல் உள்ளங்கையை லேசாக வைத்திருப்பார். அதிர்வு மாறினால் முகத்தில் தெரியும். திரும்பி வரும் தண்ணீர் சாம்பல் நிறத்திலிருந்து பழுப்பாக மாறியதும், "சார், வெடிப்பு வந்துருச்சு, எழுதிக்கங்க" என்பார். நான் மீட்டர் பார்ப்பதற்குள் வேகத்தைக் குறைத்திருப்பார்.

ராடுகளுக்குள்ளே கம்பியில் ஒரு கொக்கியை விட்டு, உள்குழாயை மட்டும் மேலே இழுப்பார்கள். ராடு எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதில்லை. உள்குழாய் வந்ததும் அதற்குள் இரண்டாகப் பிளந்த தகட்டுக் குழாய். அதை மரக்கட்டைகள்மேல் படுக்க வைத்து, மேல் பாதியைத் தூக்கினால் கோர் கிடக்கும். ஈரத்தில் கிரானைட் அவ்வளவு அழகு. இளஞ்சிவப்பு ஃபெல்ஸ்பாரும் கண்ணாடி போன்ற குவார்ட்ஸும் கருப்பு மைக்காவும் தனித்தனியாக மின்னும். துண்டுகளை முனைக்கு முனை பொருத்திப் பார்ப்பேன். பொருந்தினால் நடுவில் எதுவும் போகவில்லை. பொருந்தாமல் இரண்டு முனையும் உருண்டு தேய்ந்திருந்தால், அவை குழாய்க்குள் ஒன்றை ஒன்று அரைத்திருக்கின்றன. அங்கே ஏதோ காணாமல் போயிருக்கிறது. வெடிப்பு இயற்கையானதா, இழுக்கும்போது உடைந்ததா என்று பார்த்துக் குறிப்பேன். பழைய வெடிப்பில் துருக் கறை இருக்கும், புது உடைப்பு பளிச்சென்று இருக்கும். 10 சென்டிமீட்டருக்குக் குறையாத துண்டுகளை மட்டும் கூட்டினால் பாறையின் தரத்துக்கு ஒரு சதவீதம் கிடைக்கும். அதை ஆர்.க்யூ.டி. என்பார்கள்.

சின்ன வேடிக்கை ஒன்று: நாங்கள் அடிக்கடி எடுக்கும் எச்.க்யூ. அளவு கோரின் விட்டம் 63.5 மில்லிமீட்டர். மண்ணில் அடித்துப் பார்க்கும் எஸ்.பி.டி. சுத்தியலின் எடை 63.5 கிலோ. ஒன்று இரண்டரை அங்குலம், மற்றது 140 பவுண்டு, தற்செயலாக ஒரே எண். புதிதாக வருகிற பையன்கள் இதில் குழம்பாமல் இருந்ததில்லை.

பிரச்சினை, காணாமல் போன துண்டில்தான். ஒன்றரை மீட்டர் துளைத்து 1.1 மீட்டர் கோர் வந்தால் மீதி 40 சென்டிமீட்டர் எங்கே? தண்ணீரோடு கரைந்து போயிருக்கும். கரைந்து போவது எப்போதும் பலவீனமான பகுதிதான். சுரங்கப்பாதை தோண்டுகிறவருக்குத் தெரிய வேண்டியதே அந்தப் பலவீனம். தங்கம் தேடுகிறவருக்கும் அப்படியே. நொறுங்கிய, வெடித்த பாறை வழியாகத்தான் தங்கத்தைச் சுமந்த வெந்நீர் ஒரு காலத்தில் ஓடியிருக்கும். ஆக, பெட்டியில் இல்லாத 40 சென்டிமீட்டர்தான் பல நேரம் முக்கியமான சாட்சி. அந்த இடத்தில் ஒரு கட்டையை வைத்து "இழப்பு 0.40" என்று எழுதுவது சின்ன வேலை. ஆனால் எழுதினால் சூப்பர்வைசர் கேள்வி கேட்பார், ஒருவேளை மறுபடி துளைக்கச் சொல்வார். துண்டுகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்தால் பெட்டி நிறைந்த மாதிரி ஆகிவிடும். இந்தத் தொழிலில் பொய் நுழையும் வாசல் பெரும்பாலும் இவ்வளவு சின்னதுதான்.

ஒருநாள் மழைக்கு ஒதுங்கி நின்றபோது டிரில்லர் அண்ணன் சொன்னார்: "தூளா வந்தா நம்ம என்ன வேணா சொல்லிக்கலாம் சார். கல்லா வந்தா கல்லுதான் பேசும்." போர்வெல் லாரிக்காரர்கள் "இன்னும் ஐம்பது அடி போனா தண்ணி கண்டிப்பா வந்துரும்" என்று சொல்லும் தொழில் ரகசியத்தைத்தான் அவர் சொன்னார். எனக்கு ஞாபகம் வந்தது புசாங்.

நமக்கு அக்கம்பக்கத்து ஊர்தான், கிழக்குக் கலிமந்தான் காடு. 1990களின் நடுவில் பிரீ-எக்ஸ் என்ற கனடாக் கம்பெனி அங்கே தங்கம் கண்டதாக அறிவித்தது. ஒவ்வொரு அறிவிப்பிலும் எண் ஏறிக்கொண்டே போய், 1997 தொடக்கத்தில் 7.1 கோடி அவுன்ஸ் என்றானது. நம் கணக்கில் 27 கோடி பவுனுக்கு மேல். கோலார் தங்கவயலில் நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கி, 120 வருஷத்தில் வெட்டியெடுத்த மொத்தத் தங்கம் 800 டன்னுக்குச் சற்று மேல். புசாங்கில் இருப்பதாகச் சொன்னது அதைப் போல் இரண்டரை மடங்குக்கும் அதிகம், அதுவும் சில வருஷத் துளைகளை வைத்து. கம்பெனியின் மதிப்பு 600 கோடி கனடா டாலரைத் தாண்டியது.

தொழில் வழக்கப்படி கோரை நீளவாக்கில் ரம்பத்தால் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, மறுபாதியைப் பெட்டியிலேயே வைத்திருக்க வேண்டும். நாளைக்கு யாராவது சந்தேகப்பட்டால் எடுத்துப் பார்க்கலாம். புசாங்கில் ஏறத்தாழ முழு கோரையும் நொறுக்கி அனுப்பினார்கள். தங்கம் சீராகப் பரவவில்லை, அதனால் பெரிய மாதிரி வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நொறுக்கிய பையில் தங்கத் தூளைத் தூவினால் யார் கண்டது? கூட்டுச் சேர வந்த ஃப்ரீபோர்ட் கம்பெனி, பழைய துளைகளுக்குப் பக்கத்திலேயே தன் சொந்தத் துளைகளைப் போட்டுப் பார்த்தது. சொல்லத்தக்க தங்கம் இல்லை. 1997 மே மாதம் ஸ்ட்ராத்கோனா என்ற தணிக்கை நிறுவனம் மாதிரிகளில் தங்கம் கலக்கப்பட்டிருக்கிறது என்று அறிக்கை தந்தது. தூளில் இருந்த தங்கத் துகள்கள் ஆற்று மணலில் உருண்ட தங்கம் மாதிரி விளிம்பு மழுங்கி இருந்தன. கெட்டிப் பாறைக்குள்ளிருந்து வந்த துகளுக்கு உருள இடம் ஏது? பங்கு வெறும் காகிதமானது.

அதற்குப் பிறகு கனடா 2001இல் கடுமையான அறிக்கை விதிகளைக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவில் ஜார்க் என்ற நெறிமுறை 1989 முதலே இருந்தது. இப்போது தகுதி பெற்ற ஒருவர் பெயர் போட்டுக் கையெழுத்திட வேண்டும். மாதிரிகளுக்கு நடுவே தங்கமே இல்லாத கல்லும், அளவு தெரிந்த தூளும் ஒளித்து அனுப்பி ஆய்வுக்கூடத்தையே சோதிக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் விதிகளுக்குள் நின்றுகொண்டே ஒரு வரியைப் பெரிதாக்க முடியும். தேக்காவில் என்னிடம் நீட்டப்படும் வரிகள் பெரும்பாலும் அந்த ரகம்.

12 மீட்டருக்கு 5 கிராம் என்பதையே எடுத்துக்கொள்வோம். 12 மீட்டரிலும் 5 கிராம் சீராக இருக்கலாம். அல்லது ஒரே ஒரு மீட்டரில் 49 கிராம் இருந்து, மீதி 11 மீட்டரில் தலா 1 கிராம் இருக்கலாம். சராசரி அதே 5. இரண்டும் ஒன்றல்ல. அந்த ஒரு மீட்டரில் தற்செயலாக ஒரு தங்க மணி அகப்பட்டிருந்தால், ஒரு அடி தள்ளித் துளை போட்டிருந்தால் அது வந்திருக்கவே வந்திருக்காது. அடுத்தது, 12 மீட்டர் என்பது துளை வழியே அளந்த நீளம். 2 மீட்டர் தடிமன் மட்டுமே உள்ள, தங்கம் இருக்கும் குவார்ட்ஸ் நாளத்தை 10 டிகிரி கோணத்தில் சீவிக்கொண்டு துளை போனால், பெட்டியில் பதினொன்றரை மீட்டர் குவார்ட்ஸ் வரும். உண்மைத் தடிமன் என்ன என்று அறிவிப்பில் எங்காவது கீழே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். போடாமலும் இருப்பார்கள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மைதான். ஏனென்றால் பானையில் எல்லா அரிசியும் ஒரே உலையில், ஒரே கொதியில் வெந்தவை. பாறை அப்படி வெந்ததில்லை. ஒரு துளையில் கிடைப்பது நம் கைவிரல்களால் சுற்றிப் பிடிக்கக்கூடிய பருமனில் ஒரு கம்பு. அடுத்த துளை 50 மீட்டர் தள்ளி இருக்கும். நடுவில் இருப்பதைக் கணினி கோடு போட்டு நிரப்புகிறது. கல்கூர்லியோ கலிமந்தானோ புக்கிட் தீமாவோ, அந்தக் கோட்டின் யோக்கியதை ஒன்றுதான். புவி இயற்பியலின் உண்மையான உபயோகமும் அங்கேதான் என்று எனக்குப் படுகிறது. புதையலைக் கண்டுபிடிப்பதைவிட, இரண்டு துளைகளுக்கு நடுவே நாம் போட்ட கோடு அபத்தம் என்று எச்சரிப்பதில் அது கெட்டிக்காரத்தனம் காட்டும். துளை சொல்வதும் அதிர்வலை சொல்வதும் முட்டிக்கொண்டால், சண்டையைச் சமாளித்து வைக்காமல் நடுவில் இன்னொரு துளை போடச் சொல்வேன். செலவு என்று முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

செம்பவாங்கில் நடந்ததைப் பார்த்தபோது எனக்கு ரொம்ப நாளைக்கப்புறம் பழைய தேடல் வேலையின் வாசனை வந்தது. அந்த வெந்நீர் ஊற்று 1909 முதலே ஊருக்குத் தெரியும். முட்டை அவிக்கவும் கால் நனைக்கவும் ஜனங்கள் போவார்கள். கீழே எவ்வளவு சூடு இருக்கிறது என்று பார்க்க நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு ஆழத் துளை போட்டது. 1.76 கிலோமீட்டரில் 122 டிகிரி. எரிமலை எதுவும் இல்லாத இந்தத் தீவில் அது நல்ல சூடு. அதிலிருந்து மின்சாரம் எடுக்கலாமா என்பது வேறு கணக்கு. சூடு மட்டும் போதாது, அந்த ஆழத்துக் கிரானைட்டில் தண்ணீர் ஓடுவதற்கு வெடிப்பும் வேண்டும். ஒற்றைத் துளையை வைத்து "சிங்கப்பூருக்கு எரிசக்திப் புதையல்" என்று தலைப்புப் போட்டவர்களைப் பார்த்துச் சிரிப்புத்தான் வந்தது.

எனக்கு இந்த ஊரில் ஒரே ஒரு குறை. ஆஸ்திரேலியாவில் மாநில அரசுகள் பழைய கோரை அடுக்கி வைக்கக் கிடங்கே கட்டியிருக்கின்றன. ஒரு கம்பெனி வேண்டாம் என்று விட்டுப்போன பெட்டியை இருபது, முப்பது வருஷம் கழித்து இன்னொருவர் திறந்து பார்த்துப் புது யோசனை பிடித்ததெல்லாம் உண்டு. இங்கே தனியார் வேலைகளில் இடத்துக்கு வாடகை பொன்விலை. திட்டம் முடிந்து சில மாதத்தில் "பெட்டியெல்லாம் லாரியில ஏத்தலாமா சார்?" என்று யார்டிலிருந்து போன் வரும். ஏற்றுங்கள் என்று சொல்வதைத் தவிர எனக்கும் வழியில்லை. மிஞ்சுவது நான் எழுதிய பதிவேடும் புகைப்படங்களும்தான்.

அதனால் படம் எடுப்பதில் மட்டும் கறாராக இருப்பேன். கோரை நனைத்து ஒரு படம், காய்ந்த பிறகு ஒரு படம். அளவுகோலும் வண்ண அட்டையும் சட்டத்துக்குள் இருக்க வேண்டும். துளை எண்ணும் ஆழமும் தெளிவாகத் தெரிய வேண்டும். இழப்புக் கட்டை எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கேயே இருக்க வேண்டும். வெயில் நேர்மேலே இருந்தால் பளபளப்பில் வெடிப்புகள் மறைந்துவிடும், மாலைவரை பொறுக்க வேண்டும். டிரில்லர் அண்ணனுக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. மூடி ஆணியடித்த பெட்டியை எனக்காக மறுபடி அவர் திறக்க வேண்டும், டார்மிட்டரி லாரியோ ஆறரைக்கெல்லாம் வந்து ஹாரன் அடிக்கும்.